பல்லண்ணனின் இரண்டாம் சாட்சி

“ஆமேன் சொல்லுங்க, கரையுது” என்று அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாயிற்று. பல்லண்ணன் கண்ணைத் திறப்பதாக இல்லை. இடது உள்ளங்கையில் சின்ன வெள்ளை மாத்திரை, வலது கையில் தண்ணீர் டம்ளர், நடுவே நீண்டுகொண்டே போகும் ஜெபம். மாத்திரைக்காக நன்றி சொல்கிறார். அதைக் கண்டுபிடித்தவர்களுக்காக, எழுதிக்கொடுத்த டாக்டருக்காக, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே எடுத்துக்கொடுக்கும் மருந்துக்கடைக்காரருக்காகக்கூட நன்றி சொல்கிறார். அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். ஆமேன் வருவதற்குள் மாத்திரையின் மேல்பூச்சு இளகி, கையில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்துவிடும். விழுங்கியபிறகு அந்த வட்டத்தையும் நக்கிவிடுவார். “சோத்துக்கு ஜெபம் பண்றோம். இதுக்குப் பண்ணக் கூடாதா சார்?” என்பார் என்னிடம்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். செய்தித்தாள் போடுகிறவர் மாடி ஏற மாட்டார். கீழே அவர் வாசலில் விசிறிவிட்டுப் போய்விடுவார். அதை எடுக்க இறங்குவதால் இந்தக் காட்சி எனக்கு அன்றாடம். பக்திப் பேச்சு என்றாலே எனக்கு ஆகாது. ஆண்டவர் தன்னோடு பேசினதாக யாராவது ஆரம்பித்தால் உடனே எனக்கு ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும். இவரிடம் மட்டும் செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றுவிடுகிறேன்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் அவர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். “நான் பிடுங்கறவன் இல்லீங்க, வைக்கறவன்.” பல் டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சு அவரிடம் வரும். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அச்சில் பிளாஸ்டர் ஊற்றி ஈறின் வடிவத்தை எடுத்து, அதன் மேல் ரோஜா நிற மெழுகு கட்டி, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கிய கத்தியால் ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டு போவார். மேசையில் எந்நேரமும் நாலைந்து வாய்கள் சிரித்தபடி இருக்கும். அந்த அறைக்குள் புதிதாக வருகிறவர்கள் தம் உதட்டை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

புதுப் பல்செட் போட்டவர்களில் பாதிப் பேர் வலிக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார்களாம். அதுதான் அவருக்குப் பிடிக்காத ஒரே விஷயம். அவருடைய சபைக்காரர்கள் டாக்டரைத் தாண்டி நேரே இவரிடமே வந்துவிடுவார்கள். அவர்களுக்கு இலவசமாக உபதேசமும் கிடைக்கும். “கழட்டி வச்சா வாய் சுருங்கிடும். அப்புறம் எந்தப் பல்லும் உக்காராது. போட்டுக்கிட்டே இருங்க. எங்க உறுத்துதோ வந்து சொல்லுங்க, ராவி விடறேன். சொன்னாத்தானே தெரியும்?” இந்த உபதேசத்தைத் தனக்குத் தானே செய்துகொள்ள மட்டும் மனிதர் மறந்துவிட்டார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர் மற்றவர்களைப் போல முன்னே பார்த்து உட்கார மாட்டார். சுவரோரம் பக்கவாட்டில் போட்ட ஒரு பெஞ்சு உண்டு. அதுதான் அவர் இடம். அங்கிருந்து பார்த்தால் பாடுகிறவர்களின் வாய் தெரியும். பாட்டு தொடங்கியதும் ஒவ்வொரு வாயாக நோட்டம் விடுவார். போதகருடைய முன்பற்கள் இவர் செய்தவை. முதல் வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மாவுக்கு மேலும் கீழும் முழு செட்டும் இவருடைய கைவேலை. உச்சஸ்தாயியில் அந்த அம்மா வாயை அகலத் திறக்கும்போது இவர் கழுத்து ஒரு அங்குலம் முன்னால் நீளும். செட் ஆடுகிறதா என்று பார்க்கிறாராம்.

பாட்டு வராத நாட்களும் அவருக்கு உண்டு. டாக்டர் அதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொன்னார். இவர் வைத்திருக்கும் பெயர் கனம். “இன்னைக்குக் கனமா இருக்கு சார்” என்றால் நான் மேற்கொண்டு கேட்பதில்லை. அன்றைக்கு ஆணியில் தொங்கும் சட்டையை எடுத்துக் கை நுழைப்பதே பெரும்பாடு. விளக்கைப் பற்றவைத்துவிட்டு எதற்குப் பற்றவைத்தோம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். காரணம் கேட்கிறவர்களுக்குச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் நல்ல வேலையில் இருக்கிறார்கள், மனைவி தங்கமான மனுஷி, தொழிலுக்குக் குறைவில்லை. “காரணம் இருந்தா அதைப் பிடிச்சு ராவி விட்டிருக்க மாட்டேனா?” என்பார்.

“அப்படிப்பட்ட நாளில் ஜெபம் வருமா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“ஆண்டவரே, இருக்கீங்களான்னு கேப்பேன். அவ்வளவுதான் வரும்.”

“பதில்?”

“வராது. ஆனா கேட்டுட்டு எழுந்து போயிட மாட்டேன் சார். அங்கயே உக்காந்திருப்பேன். அவரும் எழுந்து போன சத்தம் கேக்கல.”

சபையில் அப்படி மௌனமாக உட்கார்ந்திருப்பது சங்கடமாக இல்லையா என்றும் கேட்டேன். அதற்கு ஒரு பதில் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு இருந்தது. “நான் பாடலைன்னா என்ன சார், என் பல்லு பாடுது.”

போன வருஷம் நடந்ததைச் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. அவருடைய சபையில் ஆராதனை முடிகிற நேரத்தில் சாட்சி வேளை என்று ஒன்று வரும். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். அப்போது இவர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கனம் இறங்கியிருந்தது, பாட்டு தானாக வாயில் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் எழுந்து, “ஆண்டவர் என்னைப் பூரணமா குணமாக்கிட்டாரு, இனி எனக்கு ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டார். மாத்திரையைப் பற்றி மூச்சு விடவில்லை. மறைக்க நினைத்தார் என்றில்லை. அந்த வேகத்தில் அது நினைவுக்கே வரவில்லை. சபை முழுவதும் கைதட்டியது. தலைமையாசிரியை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மாத்திரையைக் கையில் எடுத்தவருக்குப் பகீர் என்றது. “குணமாயிட்டேன்னு அவர் சமுகத்துல சொல்லியாச்சு. இனிமே இதைப் போட்டா என் சாட்சி பொய்யாயிடும். ஆண்டவரைப் பொய்யராக்கின மாதிரி ஆயிடும்னு தோணிச்சு சார்.” கடவுளுடைய மரியாதையைக் காப்பாற்ற ஒரு பல் தொழிலாளி மருந்தை நிறுத்தினார். எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்த வேலையை ஒரு நாள்கூடத் தாமதிக்காத மனிதர் இப்படித்தான் யோசிப்பார் என்பது மட்டும் புரிந்தது. மனைவி தரும் மாத்திரையை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போய், பிளாஸ்டர் தூள் வைத்திருக்கும் டின்னுக்குள் போட்டுவிடுவார்.

அவர் சறுக்கியது உடனே தெரியவில்லை. முதலில் பாட்டு நின்றது. பிறகு தூக்கம். பிறகு சாப்பாடு. ஒரு நாள் மத்தியானம் மனைவி எட்டிப்பார்த்தபோது அவர் பற்றவைக்காத விளக்கின் முன்னால் காலையில் உட்கார்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். மெழுகில் ஒரு பல்கூட ஏறவில்லை. அன்றைக்கு அவருக்குப் பதிலாக அச்சு ஊற்றிக் கொடுக்கலாம் என்று மனைவி பிளாஸ்டரைச் சலித்தபோது, சல்லடையில் மாத்திரைகள் நின்றன.

“விடியாம இருந்தா நல்லா இருக்கும்னு ஜெபம் பண்ணினேன் சார், தினமும். அதுவும் ஜெபம்தானே? கேட்டது அவர்கிட்டதானே?” என்று இதை என்னிடம் சொன்னபோது அவர் ஒரு பல்லின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாடியில் அவர் தலைக்கு மேலே நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

மனைவி போதகரைக் கூப்பிட்டார். போதகர் இவரைவிட வயதில் சின்னவர். வந்து உட்கார்ந்தார். ஜெபம் செய்யவில்லை, வசனம் சொல்லவில்லை. தன் முன்பற்களைக் கழற்றி மேசை மேல் வைத்தார். பிறகு பல் இல்லாத வாயால், காற்று புஸ்புஸ் என்று போக, பேச ஆரம்பித்தார்.

“அண்ணே, இது இல்லாம நான் பிரசங்கம் பண்ணினா முதல் வரிசைக்குக் குடை குடுக்கணும். வாரா வாரம் இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஆண்டவர் வார்த்தையைச் சொல்றேன். நீங்க செஞ்ச பல்லை வச்சுக்கிட்டுப் பேசறதால, நான் சொல்றது பொய்யாயிடுமா?”

பல்லண்ணன் பல நாட்களாகவே யாரிடமும் பேசுவதில்லை. மேசை மேலிருந்த பற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போதகரின் வாயைப் பார்த்தார். கை தானாக நீண்டு போதகரின் மேலுதட்டைத் தூக்கியது.

“சிவந்திருக்கே. உறுத்துதுன்னு ஏன் பாஸ்டர் சொல்லல?”

“நீங்க ஏண்ணே சொல்லல?” என்றார் போதகர்.

அப்போது மனைவி சத்தம் போட்டு அழுதாராம். மறுநாள் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் நன்றாகத் திட்டியிருக்கிறார். மருந்து மறுபடி வேலை செய்ய நாளாகும் என்றார், நாளாயிற்று. இந்தத் தடவை கனம் கரையவில்லை, தூக்கிக்கொண்டு நடக்கிற அளவுக்கு இறங்கியது. அவ்வளவுதான். மாத்திரைக்கு நீண்ட ஜெபம் செய்யும் வழக்கம் அப்போது தொடங்கியதுதான். சபைக்காரர்களுக்கு முதுகுவலி என்று சொல்லி வைத்திருந்தார்கள். நிஜத்தை எப்போது சொல்வது என்பதைப் போதகர் இவரிடமே விட்டுவிட்டார். இவரும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். முதல் சாட்சிக்குத் தட்டிய கைகள் இரண்டாவதைக் கேட்டால் என்ன நினைக்கும் என்ற பயம்தான்.

அந்தப் பயத்தைத் தலைமையாசிரியை அம்மா தீர்த்துவைத்தார். போன மாதம் கீழ்செட் உறுத்துகிறது என்று வந்தவர், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “தலை சுத்துது தம்பி. கொஞ்ச நாளா இப்படித்தான்.” இவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, “பிரஷர் மாத்திரை போட்டீங்களாம்மா?” என்று கேட்டார்.

“அதை விட்டுட்டேன். உங்க சாட்சி என் மனசுலயே இருந்துச்சு. நீங்க விசுவாசத்துல நின்னீங்க, ஆண்டவர் குணமாக்கினாரு. எனக்கு மட்டும் ஏன் அந்த விசுவாசம் இல்லன்னு கேட்டுக்கிட்டேன். இந்த மாசத்துலேர்ந்து அவர் கையில விட்டுட்டேன்.”

பல்லண்ணன் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மாத்திரை, பிளாஸ்டர் டின், போதகரின் பல், ஒன்று விடாமல். அந்த அம்மா முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஆயிரம் சால்ஜாப்பு கேட்டவருடைய குரலில் சொன்னார்: “சபையில சொன்னது சாட்சி. தனியா உக்காந்து சொல்றது சோர்வு. சோர்வு பேசறதை நான் எப்படித் தம்பி நம்பறது?” போதகர் போய்ச் சொன்னதற்கும், சாட்சி சொன்னவர் நீங்களில்லையே என்று பதில் வந்தது. பிடிவாதத்தில் அந்த அம்மாவுக்குப் பல் உண்டு, அதுவும் சொந்தப் பல்.

ஆக, அவர் மறுபடியும் சபையில் எழுந்து நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த அம்மா எங்காவது விழுவார். அந்த வாரம் பார்த்து இவருக்குக் கனம் வேறு கூடியிருந்தது. சனிக்கிழமை மாடிக்கு வந்தார்; படியேறியதற்கே வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

“நாளைக்குச் சபைக்கு வர்றீங்களா சார்? நம்பிக்கை இல்லாத ஆள் ஒருத்தர் இருந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும். நான் சொதப்பினாலும் நீங்க ஆண்டவரைக் குத்தம் சொல்ல மாட்டீங்க. உங்களுக்குத்தான் அவரைத் தெரியாதே.”

இப்படி ஒரு அழைப்பை யாரால் தட்ட முடியும்? போனேன்.

காலையில் புறப்படும்போது வாசலில் ஒரு வாக்குவாதம். “மாத்திரை போடல நீங்க” என்று மனைவி வழியை மறித்தார். அந்த வீட்டில் அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்ததால் நானும் படியிலேயே நின்றுவிட்டேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். “போடுவேம்மா. இங்க இல்ல.”

சபை என்பது ஒரு நீண்ட கூடம். மின்விசிறிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்னால் ஒரு மர மேடை. அவர் சுவரோர பெஞ்சில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பாட்டு நடந்தபோது அவர் உதடு அசையவே இல்லை. யார் வாயையும் பார்க்கவும் இல்லை. தன் உள்ளங்கையை மட்டும் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். முதல் வரிசையில் தலைமையாசிரியை அம்மா உட்கார்ந்தபடியே பாடினார். மற்ற வாரங்களில் நின்றுதான் பாடுவாராம்.

சாட்சி வேளை வந்ததும் எழுந்தார். நின்றுகொண்டே இருந்தார். நாற்காலிகள் கிரீச்சிட்டன. போதகர் அவசரப்படவில்லை.

“போன தடவை இங்க நின்னு குணமாயிட்டேன்னு சொன்னேன்” என்று ஒருவழியாகத் தொடங்கினார். “எனக்குக் குணமாகல. பொய் சொல்லணும்னு சொல்லல. அவசரப்பட்டுட்டேன். சொன்னதைக் காப்பாத்தறதுக்காக மாத்திரையை நிறுத்தினேன். முதுகுவலின்னு உங்ககிட்ட சொன்னது முதுகுவலி இல்ல. நான் சாகணும்னு இருந்தேன்.”

உள்ளங்கையை மறுபடி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“ஆண்டவர் என்னை விடல. எப்படி விடலன்னு கேட்டா, என் வீட்டுல விடல. பாஸ்டர் விடல. டாக்டர் விடல. இது விடல.” பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் பிடித்தார். “எனக்கு எப்பக் குணமாகும்னு தெரியாது. அவர் கூட இருக்காருன்னு தெரியும். சில நாள் அதுவும் தெரியாது. இன்னைக்கு அந்த மாதிரி ஒரு நாள். அந்த நாள்ல நீங்க பாடுங்க, நான் உக்காந்து கேக்கறேன். எனக்கு அது போதும். இதுதான் என் சாட்சி. யாரும் என்னைப் பார்த்து எதையும் நிறுத்திடாதீங்க.”

யாரும் கைதட்டவில்லை. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். இவ்வளவு யோசித்த மனிதர் தண்ணீரை மறந்துவிட்டார்.

முதல் வரிசையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் கிளம்பியது. கை மாறிக் கை மாறிப் பின்னால் வந்தது. அது யாருடைய பாட்டில் என்று கூடத்தில் எல்லாருக்கும் தெரியும் போலிருந்தது. அதைத் தொட்டவர்கள் எல்லாம் முன்னால் எட்டிப் பார்த்தார்கள். அது கைக்கு வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கமான ஜெபம், வழக்கமான நீளம். மருந்துக்கடைக்காரர்கூட விடுபடவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து “கரையுதுங்க” என்று ஒரு குரல் அடக்கமாக வந்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு சபை மொத்தமும் அவரை முந்திக்கொண்டு ஆமேன் சொல்லியது. விழுங்கினார்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க முன்வரிசைக்கு நடந்து போனார். தலைமையாசிரியை அம்மா அதை வாங்கவில்லை. அவர் மடியில் கைப்பை திறந்திருந்தது. உள்ளறையின் ஜிப்பை இழுத்து, எதையோ பிரித்து, உள்ளங்கையில் வைத்தார். அந்த மாத்திரைகளைத் தூக்கி எறியாமல்தான் வைத்திருந்திருக்கிறார். கண்ணை மூடினார். உதடுகள் அசையத் தொடங்கின. எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழக்கமில்லாத அம்மா. கடைசி ஆசீர்வாதம் சொல்லக் கையை உயர்த்திய போதகர் அதை இறக்கிக்கொண்டார். பல்லண்ணன் பாட்டிலைத் திறந்து, ஒரு கையில் பாட்டிலும் மறு கையில் மூடியுமாக, அந்த அம்மா கண் திறக்கும்வரை அப்படியே நின்றார்.